கில்லிங் ஃபீல்ட்ஸ், ரஷ்யன் மார்க்கெட், ஷூட்டிங் ரேஞ்ச்

கம்போடியா தலைநகர் புனோம் பென். கெஸ்ட் ஹவுஸ விட்டு வெளிய இன்னும் காலே வைக்கல, அதுக்குள்ள ஒரு டுக் டுக்காரர் மடக்கிட்டாரு. கையில லேமினேட் பண்ணின ஒரு அட்டை, மேல மண்டை ஓடு படம், நடுவுல மார்க்கெட் படம், கீழ ஏகே 47 படம். "கில்லிங் ஃபீல்ட்ஸ், ரஷ்யன் மார்க்கெட், ஷூட்டிங் ரேஞ்ச், ஃபுல் டே, சீப் ப்ரைஸ்". மூணையும் ஒரே மூச்சுல ஒரே ராகத்துல சொல்றாரு, கண்டக்டர் ஊர் பேரு கூவுற மாதிரி. கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா முதல் நாள் ராத்திரி படுத்துக்கிட்டே நான் ஃபோன்ல போட்டு வச்ச லிஸ்ட்லயும் அதே இடங்கதான் இருந்துச்சு, துப்பாக்கிய மட்டும் கழிச்சுக்கலாம். அப்புறம் அவர எப்படி குத்தம் சொல்றது.

புனோம் பென்ல எறங்கினதுலேர்ந்தே எனக்கு காசு விஷயத்துலதான் தலைவலி. அங்க டாலரும் ஓடும் ரியெலும் ஓடும், ஒரு டாலருக்கு சுமாரா 4000 ரியெல், டாலர்ல குடுத்தா ஒரு டாலருக்குக் கீழ உள்ள சில்லறைய ரியெலா திருப்பித் தருவாங்க, சாயங்காலத்துக்குள்ள பாக்கெட் ரப்பர் பேண்ட் போடுற அளவுக்கு ஊதிடும். இதுல என்கிட்ட ஒரு 20 டாலர் நோட்டு, ஓரத்துல நகக்கண் அளவு கிழிசல், அவ்ளோதான். மூணு கடை, ஒரு பஸ் டிக்கெட் கவுன்ட்டர், எல்லா இடத்துலயும் வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு சிரிச்சுக்கிட்டே திருப்பி நீட்டுறாங்க.

சரி, முதல்ல துவோல் ஸ்லெங், அந்தக் காலத்து சித்திரவதை ஜெயில், இப்ப மியூசியம். நான் ஏதோ பெரிய மதில் சுவர் ஜெயிலா இருக்கும்னு நெனச்சுட்டுப் போனேன். பாத்தா ஸ்கூல். மூணு மாடி கட்டடம், நீளமா வராண்டா, நடுவுல மைதானம், வெள்ளைப் பூ பூக்குற மரம். 1975 ஏப்ரல் 17 கெமர் ரூஜ்ங்கற கம்யூனிஸ்ட் படை, போல் பாட்தான் தலைவர், புனோம் பென்னுக்குள்ள நுழைஞ்சாங்க, சில நாள்லயே மொத்த ஊரையும் காலி பண்ணி ஜனங்கள வயக்காட்டுக்கு நடக்க விட்டாங்க, அப்புறம் இந்த ஹைஸ்கூல எஸ்-21னு ஜெயிலா மாத்திட்டாங்க. கிளாஸ் ரூமுக்குள்ள செங்கல் வச்சு ஆள் முழுசா கால் நீட்ட முடியாத அளவுக்கு குட்டி குட்டி தடுப்பு. சில ரூம்ல கரும்பலகை அப்படியே இருக்கு. பசங்க உடற்பயிற்சிக்கு தொங்கின கம்பத்துல ஆளத் தொங்க விட்டு சித்திரவதை. ஒரு கட்டடத்துல வராண்டா முழுக்க முள்கம்பி வலை, கைதிங்க மாடிலேர்ந்து குதிச்சு சாகக் கூடாதாம். அதப் படிச்சுட்டு நான் ரொம்ப நேரம் அங்கயே நின்னுட்டேன், சாகுறதுக்கும் இவங்ககிட்ட பர்மிஷன் வாங்கணும்.

இத நடத்தினவன் டூச், அதுக்கு முன்னாடி கணக்கு வாத்தியார். ஃபோட்டோ, வாக்குமூலம்னு எல்லாம் ரெக்கார்டு, ஒழுங்கா ஃபைல் பண்ணியிருக்கான். அந்த ஃபோட்டோங்கதான் இப்ப சுவர் முழுக்க. நம்பர் குத்தின பொம்பளைங்க, பசங்க, சிலர் கேமராவப் பாத்து லேசா சிரிக்கக்கூட செய்றாங்க, எங்க வந்திருக்கோம்னு தெரியாம. உள்ள போன ஆயிரக்கணக்கான பேர்ல உயிரோட வந்தவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். வன் நாத் ஓவியர், போல் பாட் படம் வரையத் தெரிஞ்சதால விட்டு வச்சாங்க, பின்னாடி அங்க நடந்ததையெல்லாம் அவரே வரைஞ்சாரு, அந்தப் படங்க அங்கயே மாட்டியிருக்கு. சும் மே மெக்கானிக், தையல் மெஷின் டைப்ரைட்டர் ரிப்பேர் பாக்கத் தெரியும், அதனால தப்பிச்சாரு. கெமர் ரூஜ் தலைவருங்கள விசாரிக்க ஐ.நா. துணையோட ஒரு கோர்ட்டு வந்துச்சு, அதுல டூச்சுக்கு 2012ல அப்பீல்ல ஆயுள் தண்டனை ஆச்சு, 2020ல செத்துட்டான். போல் பாட் 1998லயே செத்துட்டான், அந்தக் கோர்ட்டு கூண்டுல ஒரு நாள் கூட நிக்கல.

மத்தியானம் சூவங் எக், இதத்தான் கில்லிங் ஃபீல்ட்ஸ்னு சொல்றாங்க. ஊர்லேர்ந்து ஒரு 15 கிலோமீட்டர். எஸ்-21 கைதிங்கள லாரில ஏத்தி இங்க கொண்டு வந்து கொன்னாங்க, புல்லட் வீணாகக் கூடாதுன்னு கட்டை, கடப்பாரை. சத்தம் வெளிய கேக்காம இருக்க மரத்துல ஸ்பீக்கர் கட்டி பாட்டு போட்டுருக்காங்க. காதுல ஆடியோ கைடு மாட்டிக்கிட்டு நடக்கணும், கூட்டம் இருக்கு ஆனா ஒருத்தரும் பேசல. மழை பேஞ்சா இன்னும் துணித்துண்டும் எலும்பும் மண்ணுலேர்ந்து மேல வருது. கொழந்தைங்கள அடிச்சுக் கொன்ன மரத்துல வந்தவங்க கலர் கலரா கைக்கயிறு கட்டிட்டுப் போயிருக்காங்க. அதப் பத்தி இதுக்கு மேல எழுத வரல.

வெளிய வந்து இளநி குடிச்சேன். டுக் டுக்காரர் சிரிச்சுக்கிட்டே "நவ் ஷூட்டிங் ரேஞ்ச்?"னாரு. வேணாம்னேன். அவருக்கு ஒன்னும் வருத்தமில்ல, "ஓகே மார்க்கெட்".

மூணே வருஷம் எட்டு மாசம் சொச்சம்தான் அந்த ஆட்சி, 1979 ஜனவரி 7 வியட்நாம் படை வந்து முடிச்சு வச்சுது. அதுக்குள்ள சுமாரா 17 லட்சம் பேர் செத்தாங்க, நாட்டுல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர், அடி உதைல மட்டும் இல்ல, பட்டினி, நோய், வேலைலயும். இதத் தெரிஞ்சுக்கிட்டதுக்கு அப்புறம் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துடுச்சு. நூடுல்ஸ் கடை அம்மா, பஸ் டிரைவர், யாரப் பாத்தாலும் வயசு கணக்குப் போடுறேன். இவங்களுக்கு 75ல என்ன வயசு?

சியெம் ரீப், அங்கோர் பத்தியெல்லாம் எழுதல, ஒரு நாள் டிக்கெட் 37 டாலர், மூணு நாளைக்கு 62, மூணு நாள் எடுங்க, வெயிலுக்கு முன்னாடி போங்க, அவ்ளோதான்.

கடைசியா பட்டம்பாங். பக்கத்துல நோம் சம்பௌனு ஒரு மலை, சாயங்காலம் ஆறு மணி வாக்குல குகைலேர்ந்து லட்சக்கணக்குல வௌவால் பறக்கும், அதப் பாக்க பியர் கையோட கூட்டம் கூடும். அதே மலைக்கு மேல இன்னொரு குகை, அதுல மேல இருக்குற ஓட்டை வழியா மனுசங்கள தள்ளி விட்டிருக்காங்க. ரெண்டுத்துக்கும் ஒரே டுக் டுக், ஒரே ரேட்.

அன்னைக்கு வண்டி ஓட்டினவருக்கு அம்பத்தஞ்சு தாண்டியிருக்கும், அந்த வயசுக்காரங்கள "பூ"னு கூப்பிடணும், நம்ம சித்தப்பா மாதிரி. வௌவாலுக்கு காத்துக்கிட்டு இருக்கும்போது நான் தயங்கித் தயங்கி கேட்டேன். அவரு தயங்கவே இல்ல. "எனக்கு ஏழு வயசு. சாணி பொறுக்குற வேலை. கூடை நெறையலன்னா கஞ்சி கெடையாது." அப்புறம் அவரே சிரிச்சுக்கிட்டு, ஊரக் காலி பண்ணச் சொன்னப்போ அவங்கம்மா துணி மூட்டை நெறைய நோட்டு கட்டிக்கிட்டு நடந்தாங்களாம், நடக்க நடக்கத்தான் தெரிஞ்சுதாம் காசுன்னே ஒன்னு இனிமே கெடையாதுன்னு. மத்திய பேங்க் கட்டடத்தையே குண்டு வச்சுத் தகர்த்துட்டாங்க, ரியெல் திரும்ப வந்தது 1980ல. அந்த மூட்டைய என்ன பண்ணீங்கன்னேன். "மழைக்காலம், வெறகு ஈரம். அடுப்பு பத்த வைக்க நல்லா இருந்துச்சு."

கிழிஞ்ச நோட்ட வாங்காததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு நான் உடனே ஒரு தியரி போட்டேன், பேங்க்ல எடுத்துக்க மாட்டாங்க அவ்ளோதான்னு ஹாஸ்டல் பையன் அப்புறம் அத ஊத்தி மூடிட்டான்.

வௌவால் கெளம்புச்சு, புகை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு அரை மணி நேரத்துக்கு மேல. இருட்டினப்புறம் எறக்கி விட்டாரு. என்கிட்ட மிச்சம் இருந்தது அந்த 20தான். நீட்டினேன். ஹெட்லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சாரு, கிழிசல விரலால தடவினாரு.

"நோ குட், பிரதர்"னு திருப்பிக் குடுத்துட்டு, நான் பாக்கெட்டக் கவுத்து கசங்கின ரியெல எண்ணி முடிக்கிற வரைக்கும் வண்டிய ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருந்தாரு.