கட்டைக்கு நடுவில் நின்ற பாட்டு

போன மாதம் ஒரு பழைய புத்தகக் கடையில், சமையல் புத்தகங்களுக்கு நடுவே 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' ப்ளூ-ரே செருகிக் கிடந்தது. 2010-ல் வந்த பதிப்பு. உறை கிழிந்திருந்தாலும் வட்டில் ஒரு கீறல் கூட இல்லை. இருநூறு ரூபாய் சொன்னார், நூற்றைம்பதுக்குக் கொடுத்தார். வீட்டில் மகனின் பிளேஸ்டேஷன் வட்டு போடுகிற ரகம் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது என் அதிர்ஷ்டம்.

இந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. 1989-ல் மஸ்கட்டிலிருந்து மாமா ஒரு வி.சி.ஆர். கொண்டுவந்து எங்கள் திருச்சி வீட்டில் வைத்தார். கூடவே இரண்டு கேசட். ஒன்றில் மாமாவின் கல்யாணம், இன்னொன்றில் ஆஸ்திரியாவில் நடக்கிற இந்தப் படம். மூன்று மணி நேரக் கேசட்டில் அங்கே யாரோ நகல் எடுத்துக் கொடுத்தது. படம் முடிந்த பிறகும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் டேப் மிச்சமிருக்கும். அதில் ஏதோ அரபுச் செய்தி ஓடும். வாடகைக் கேசட் எடுக்க அப்பா மாதம் ஒருமுறைதான் காசு கொடுப்பார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா கல்யாணம் பார்க்கலாம், இல்லாவிட்டால் ஆஸ்திரியா போகலாம். நாங்கள் ஆஸ்திரியா போனோம். அந்த அரபுச் செய்தி வாசிப்பவரின் குரல் வரை எனக்கும் அண்ணாவுக்கும் மனப்பாடம்.

அம்மா வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுப்பாள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடத்தில் பாய் விரித்தால் ஆறேழு பிள்ளைகள் வரும். ஆங்கிலம் அவளுக்குப் பத்திரிகைத் தலைப்பு படிக்கிற அளவுக்குத்தான். கதையை அவள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. "வேலைக்கு வந்த பொண்ணையே கட்டிக்கிறான், அவ்வளவுதானே?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். ஆனால் அந்த வேலைக்கு வந்த பெண் மரியா கிதாரோடு கேப்டனின் ஏழு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற 'டோ ரே மி' வந்தால், அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து நிற்பாள். கையில் கரண்டி இருக்கும்.

"இது சரளி வரிசைடி" என்றாள் ஒருநாள். உட்கார்ந்து ஸ்வரம் போட்டுக் காட்டினாள். முதல் வரி சரிக சகசக. இரண்டாவது ரிகம மகரிம. மூன்றாவது கமப கபகப. ஒவ்வொரு வரியும் ஒரு படி ஏறித் தொடங்குகிறது. சங்கராபரண ராகத்தில் ஒரு பாலபாடம், அவ்வளவுதான். நாங்கள் மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குகிறோம், அவர்கள் இதில். "யாரு போட்டாலும் நல்ல வாத்தியார்" என்றாள். போட்டவர் ரிச்சர்ட் ராஜர்ஸ், எழுதியவர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டீன். 1959-ல் நியூயார்க் மேடைக்காகச் செய்தது, படமாக வந்தது 1965-ல் என்பதெல்லாம் எனக்கே பின்னால்தான் தெரியும்.

அந்தப் பாட்டில் அவளுக்கு ஒரு வழக்கும் இருந்தது. ஆறாவது வரி 'லா'வில் தொடங்கும்போது மத்யமம், அதாவது 'ம', ஒரு படி ஏறிப் பிரதி மத்யமம் ஆகிவிடுகிறது. சரி, கல்யாணி ராக வாசனை என்று விட்டுவிடலாம். அடுத்த வரியில் பஞ்சமமும், அதாவது 'ப'வும், மேலே போகிறது. "பஞ்சமத்தையே தூக்கிட்டானே! ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாதுன்னு உங்களுக்கெல்லாம் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்று எங்களிடம் கோபித்துக்கொள்வாள், ஏதோ நாங்கள் போட்ட பாட்டு மாதிரி.

1990-ல் குடியிருப்புப் பிள்ளைகளின் ஆண்டு விழாவுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுக்க அம்மாவைக் கேட்டார்கள். தாத்தா பஜனைக்கு வைத்திருந்த ஆர்மோனியத்தை டி.வி.க்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். கேசட்டை ஓடவிட்டு, மரியா எந்தக் கட்டையில் பாடுகிறாள் என்று தேடினாள். ஒரு கட்டையை அழுத்தினால் பாட்டு கொஞ்சம் மேலே நிற்கிறது. அடுத்த கட்டையை அழுத்தினால் கொஞ்சம் கீழே. ரீவைண்ட் செய், மறுபடி போடு என்று அண்ணாவை அரை மணி நேரம் படுத்தி எடுத்தாள். கடைசியில் துருத்தியைச் சாத்திவிட்டு, "கட்டைக்கு நடுவுல நிக்குது. உங்க பெட்டி வேகமா ஓடுது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அப்பா நம்பவில்லை. வெள்ளைக்காரி அவளுக்குப் பிடித்த சுருதியில் பாடுவாள், நம் ஆர்மோனியத்துக்குக் கட்டுப்பட்டவளா என்று கேட்டார். இருந்தாலும் வி.சி.ஆர். பெட்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அவர் மூடியைக் கழற்றி, ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, "மோட்டார் கரெக்டா ஓடுது சார்" என்றார். வீட்டுக்கு வந்து போட்டால் அதே நடுக்கட்டை. அம்மாவின் காதில்தான் கோளாறு என்று வீட்டில் முடிவாயிற்று. விழாவில் பிள்ளைகள் அம்மாவின் சொந்தச் சுருதியில், ஆங்கில வரிக்குப் பதில் பாதி ஸ்வரமாகவே பாடினார்கள். கைதட்டல் நன்றாகத்தான் விழுந்தது.

ப்ளூ-ரேக்கு வருகிறேன். போன சனிக்கிழமை ராத்திரி நான், என் மகள், அம்மா மூன்று பேரும் உட்கார்ந்தோம். மகன் எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

ஆரம்பத்தில் மலைமேல் மரியா சுற்றிச் சுற்றி வருவாளே, அதைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதை ஹெலிகாப்டரில் இருந்து எடுத்தார்கள். அது திரும்பும்போதெல்லாம் அடித்த காற்றில் மரியாவாக நடித்த ஜூலி ஆண்ட்ரூஸ் புல்லில் விழுந்து விழுந்து எழுந்தாராம். எங்கள் கேசட்டில் அந்த மலை ஒரு பச்சைத் திட்டு, அவ்வளவுதான். படத்தை எடுத்தது 65 மில்லிமீட்டர் சுருளில். திரையின் அகலம் உயரத்தைப் போல 2.2 மடங்கு. பழைய டி.வி.யிலோ நாலுக்கு மூன்றுதான். அதில் நிரப்புவதற்காக இரண்டு ஓரங்களையும் வெட்டியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் படத்தில் பத்தில் நாலு பங்கு போயிருக்கிறது. ஏழு குழந்தைகள் வரிசையாக நிற்கிற படத்தில்! கேப்டன் விசில் ஊதி அவர்களை நிறுத்துகிற காட்சியில், ஏழு பேரையும் ஒரே சமயத்தில் நான் பார்த்ததே இந்தச் சனிக்கிழமைதான். சின்ன வயதில் அண்ணாவும் நானும் "இப்ப யாரைக் காணோம்" என்று எண்ணி விளையாடுவோம். இயக்குநர் அப்படி எடுத்திருக்கிறார் என்றே நினைத்திருந்தேன். பாவம் ராபர்ட் வைஸ்.

'டோ ரே மி' தொடங்கியபோது அம்மா சோபாவில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தாள். இரண்டாவது வரியில் கண்ணைத் திறந்தாள்.

"இறங்கியிருக்கே."

"என்னம்மா?"

"சுருதி. அன்னிக்குப் பாடினதைவிட இறக்கிப் பாடறா."

எழுபத்தைந்து வயது. மாத்திரை சாப்பிட்டாளா இல்லையா என்பது மறந்துபோகிறது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கேசட்டின் சுருதி மறக்கவில்லை. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வட்டை நிறுத்தி பெங்களூரில் இருக்கும் அண்ணாவுக்குப் போன் போட்டேன். அவன் எலக்ட்ரானிக்ஸ்காரன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான்.

விஷயம் இதுதான். சினிமா நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்) ஓடும். அந்தக் கால டி.வி. இங்கேயும் மஸ்கட்டிலும் 'பால்' (PAL) முறை, அதில் நொடிக்கு 25. இருபத்துநாலை இருபத்தைந்தாக்க ஒரு சுலபமான வழி, படத்தையே நூற்றுக்கு நாலு சொச்சம் வேகமாக ஓட்டிப் பதிவு செய்வது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒலியும் சேர்ந்து வேகமாகிறது, சுருதி ஏறுகிறது. ஏறுவது முழுசாக அரைக்கட்டை என்றால் கூடத் தொல்லையில்லை, பக்கத்துக் கட்டைக்குப் போய்விடலாம். ஏறுவது அந்த அரைக்கட்டையில் முக்கால்வாசிக்கும் சற்றுக் குறைவு. அதனால்தான் நடுவில் நின்றது. 174 நிமிஷப் படம் எங்கள் கேசட்டில் 167 நிமிஷத்தில் முடிந்திருக்கிறது. அரபுச் செய்திக்கு இடம் கிடைத்ததும் அப்படித்தான். மெக்கானிக் சொன்னது பொய்யில்லை. மோட்டார் சரியாகத்தான் ஓடியது. டேப்பில் ஏறிய படம்தான் வேகம்.

அம்மாவுக்கு இதைத் தமிழில் விளக்கிச் சொன்னேன். "அதைத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்" என்று மறுபடி சாய்ந்துகொண்டாள்.

மிச்சப் படத்தை வேறு கண்ணோடு பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும். பத்து வயதில் எனக்கு உயிராக இருந்த கண்ணாடி மண்டபப் பாட்டு இப்போது எரிச்சல் மூட்டியது. பதினேழு வயதுப் பையன் பதினாறு வயதுப் பெண்ணிடம், உனக்கு ஒன்றும் தெரியாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். பிறகு அவன் நாஜிகள் பக்கம் சேர்கிறான் என்பது தெரிந்ததுதானே. மாறாக, அந்த நாளில் நாங்கள் சூனியக்காரி என்று திட்டிய பாரனஸ், கேப்டன் கட்டிக்கொள்ள இருந்தவள், அவள் மேல் இப்போது மரியாதை வந்துவிட்டது. தோற்றுவிட்டோம் என்று புரிந்ததும், கேப்டன் பேசி முடிப்பதற்குள் தானே விலகிக்கொள்கிறாள். எலினர் பார்க்கர் அந்தப் பால்கனிக் காட்சியில் முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் அதைச் செய்கிறார்.

கேப்டன் 'எடல்வைஸ்' பாடும்போது அம்மா இன்னொன்று சொன்னாள்: "பேசற குரல் வேற, பாடற குரல் வேற." உண்மைதான். நடித்தவர் கிறிஸ்டோபர் பிளம்மர், பாடியவர் பில் லீ. டி.எம்.எஸ். பாட சிவாஜி வாயசைத்துப் பழகிய நமக்கு இதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. ஆஸ்திரியாவின் பழைய நாட்டுப்பாடல் என்று பலரும் நினைக்கிற அந்தப் பாட்டும் நியூயார்க் மேடைக்கு எழுதியதுதான். ஹாமர்ஸ்டீன் கடைசியாக எழுதிய பாட்டு அது. 1960-ல் இறந்துவிட்டார், படத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் நாஜிகளிடமிருந்து தப்பிக் குடும்பமே மலையேறி சுவிட்சர்லாந்துக்குப் போகிறது. மகள் உடனே போனில் மேப்பைத் திறந்து, "அம்மா, சால்ஸ்பர்க்ல மலையைத் தாண்டினா ஜெர்மனி வருது" என்றாள். வரத்தான் வருகிறது. யாரிடமிருந்து தப்பி ஓடுகிறார்களோ அவர்கள் வீட்டுக்கே. இந்தக் கதைக்கு மூலமான உண்மையான டிராப் குடும்பம் 1938-ல் அமைதியாக ரயிலேறி இத்தாலிக்குப் போனது. ரயிலில் ஏறினால் படத்தை எப்படி முடிப்பது, மலைதான் சரி.

மறுநாள் காலை காப்பி கூடக் குடிக்காமல் அம்மா பரணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆர்மோனியம் அங்கேதான் பழைய போர்வைக்குள் இருந்தது. இறக்கித் தூசு தட்டினேன். துருத்தியில் ஒரு மடிப்புக் கிழிந்து காற்றுப் போனது. மகள் விரலால் அடைத்துக்கொண்டாள். படத்தை அந்தப் பாட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். அம்மா ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தாள், இல்லை என்று தலையாட்டினாள். பக்கத்துக் கட்டை. அங்கேயே விரலை வைத்துக்கொண்டாள்.

சரிக சகசக. இழையவில்லை, பிசிறவில்லை. ஆர்மோனியமும் மரியாவும் ஒரே சுருதியில் நின்றார்கள். ஆறு வரி வரை கூடவே வாசித்தாள். பஞ்சமம் ஏறுகிற இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது மட்டும் அப்படியேதான் இருக்கு. அதுக்கு உன் அண்ணா என்ன சொல்றான், கேளு."