மண்டலம் மண்டலமாகப் படிக்காதீர்கள்: ப்ளஸ் ஒன் உடலியலுக்கு ஒரு வழி

ப்ளஸ் ஒன் விலங்கியல் புத்தகத்தில் பெரும்பகுதி மனித உடல்தான். செரிமானம், சுவாசம், சுற்றோட்டம், கழிவுநீக்கம், இயக்கம், நரம்பு, ஹார்மோன் என்று பாடங்கள் வரிசை கட்டி நிற்கும். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் படிக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "அக்கா, படிக்கும்போது புரியுது. அடுத்த பாடத்துக்குப் போனா முந்துன பாடம் மறந்துபோகுது. என்ன பண்றது?"

நான் இப்போது நர்சிங் படிக்கிறேன். ப்ளஸ் ஒன்னில் இந்தப் பாடங்கள் எனக்குப் பிடிபட்ட வழி இன்றைக்கு வார்டிலும் கைகொடுக்கிறது. அதைத்தான் இங்கே சொல்கிறேன். உடலை மண்டலம் மண்டலமாகப் பிரித்தது புத்தகத்தின் வசதிக்கு. உடம்புக்குள் எந்த மண்டலமும் தனியாக வேலை செய்வதில்லை. அதனால் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலை நடக்கும்போது எந்தெந்த மண்டலம் என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டே போங்கள். அந்த அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் கடற்கரையில் அதற்கு ஏற்ற வேலை ஒன்று கண் முன்னாலேயே இருக்கிறது. பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, காலில் தகடு கட்டி, இடுப்பில் வலைப்பையோடு இறங்குவார்கள். மூச்சை இழுத்துப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி முங்குவார்கள். மணிக்கணக்காக இதுதான். கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவர்கள் செய்வதும் இதையே, இன்னும் ஆழத்தில். இந்த ஒரு முங்கலை முழுசாக விளக்கத் தெரிந்தால் பாதிப் புத்தகம் முடிந்தது.

முங்குவதற்கு முன் இழுக்கும் மூச்சிலிருந்து தொடங்குவோம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள தசையான உதரவிதானம் சுருங்கித் தட்டையாகிறது, விலா எலும்புகள் மேலே தூக்கிக்கொள்கின்றன, மார்பறை விரிகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, காற்று தானாக நுழைகிறது. சாதாரண மூச்சில் உள்ளே போவது 500 மி.லி. ஆழமாக இழுத்தால் அதற்கு மேல் 2,500 முதல் 3,000 மி.லி. வரை போகும். முழுக்க வெளியே விட்டாலும் 1,100 முதல் 1,200 மி.லி. காற்று உள்ளேயே தங்கிவிடும். இந்த எண்களை அட்டவணையாக மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் மூச்சை இழுத்து, விட்டு, அந்த அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். எந்தக் கொள்ளளவு எது என்பது நெஞ்சிலேயே தெரியும்.

இப்போது பாசி எடுப்பவர் தண்ணீருக்குள் இருக்கிறார். மேலே வர வேண்டும் என்று எது சொல்கிறது? எங்கள் சின்னம்மா பல வருஷமாகப் பாசிக்குப் போகிறவர். கேட்டேன். "நெஞ்சு முட்டும்டி, அதுக்கு மேல நிக்க முடியாது" என்றார். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் அந்த முட்டலை உண்டாக்குவது பெரும்பாலும் ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. அது கூடக் கூட ரத்தத்தில் ஹைட்ரஜன் அயனியும் கூடுகிறது. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில், சுவாச மையத்துக்கு அருகில் உள்ள வேதி உணர்விடம் இதைக் கண்டுபிடித்து, அந்த மையத்தைத் தூண்டுகிறது. பெருமூளை 'இரு, இன்னும் ஒரு கொத்து பறிக்கலாம்' என்று கொஞ்ச நேரம் தடுக்கலாம். கடைசியில் முகுளம்தான் ஜெயிக்கும். சுவாசப் பாடமும் நரம்புப் பாடமும் இங்கே ஒன்றாகிவிட்டன, கவனித்தீர்களா? கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 70 சதவீதம் ரத்தத்தில் பைகார்பனேட்டாகப் போகிறது, அதை வேகப்படுத்துவது சிவப்பணுவில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி என்ற வரியையும் இதே இடத்தில் படித்துவிடுங்கள். அப்புறம் மறக்காது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முங்குவதற்கு முன் வேக வேகமாக மூச்சு விட்டால் ரொம்ப நேரம் உள்ளே இருக்கலாம் என்று பையன்கள் பந்தயம் கட்டுவது உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். வேகமாக மூச்சு விடுவதால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, ஹீமோகுளோபின் ஏற்கெனவே கிட்டத்தட்ட நிரம்பித்தான் இருக்கிறது. குறைவது கார்பன் டை ஆக்சைடு மட்டும். அதனால் நெஞ்சு முட்டுவது தாமதமாகும். முட்டுவதற்குள் மூளைக்குப் போகும் ஆக்சிஜன் குறைந்து, தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வந்துவிடும். நீச்சல் தெரிந்தவர்களே இப்படி உயிரை விடுகிறார்கள்.

அடுத்து இதயம். ஒரு துடிப்புக்கு 70 மி.லி., நிமிடத்துக்கு 72 துடிப்பு, பெருக்கினால் நிமிடத்துக்கு 5 லிட்டர். உடம்பில் இருக்கும் ரத்தமே 5 லிட்டர் சொச்சம்தான். அதாவது மொத்த ரத்தமும் நிமிடத்துக்கு ஒரு சுற்று வந்துவிடுகிறது. முகம் தண்ணீரில் முழுகி மூச்சு நின்றதும், வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு குறைகிறது, கை கால் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இருக்கும் ஆக்சிஜன் மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கப்படுகிறது. இரட்டைச் சுற்றோட்டத்தைப் படமாக வரையும்போது வலது ஆரிக்கிளில் (இதயத்தின் மேலறை) விரலை வைத்து, வெண்ட்ரிக்கிள் (கீழறை), நுரையீரல், இடது ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள், உடல் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சுற்றுங்கள். வால்வுகளின் பெயர் தடுமாறாமல் வரும்வரை சுற்றுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் சிறுநீரகம். தண்ணீரில் வெகுநேரம் நின்றால் சிறுநீர் முட்டும். கடலில் இறங்கும் எல்லோருக்கும் இது தெரியும், காரணம் பலருக்குத் தெரியாது. தண்ணீரின் அழுத்தத்தால் கால்களில் உள்ள ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுகிறது. ஆரிக்கிள்கள் விரிகின்றன. ரத்தம் அதிகமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, ஏட்ரியல் நேட்ரியூரெட்டிக் காரணி என்ற ஹார்மோனை இதயம் சுரக்கிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே தள்ளுகிறது. இதயம் ஹார்மோன் சுரக்கும் என்பது புத்தகத்தில் ஒற்றை வரியாக வரும், கேள்வித்தாளிலும் வரும்.

கடலில் குடிதண்ணீர் தீர்ந்தாலும் கடல்நீரைக் குடிக்கக்கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. நம் ரத்தத்துக்குச் சமமான உப்புநீரில் லிட்டருக்கு 9 கிராம். மனிதச் சிறுநீரகத்தால் அதிகபட்சம் ரத்தத்தைப் போல நான்கு மடங்கு செறிவில்தான் சிறுநீரை ஆக்க முடியும். அதற்குள் யூரியாவும் போக வேண்டும். ஆகவே குடித்த உப்பை வெளியேற்ற, குடித்த நீர் போதாமல் உடம்பில் இருக்கும் நீரும் சேர்ந்து போகும், தாகம் இன்னும் கூடும். சிறுநீரகக் குழலில் ஹென்லே வளைவு ஏன் இருக்கிறது, வாசோபிரஸ்ஸின் ஹார்மோன் எங்கே வேலை செய்கிறது, ஆல்டோஸ்டீரோன் ஹார்மோன் எதைப் பிடித்து வைக்கிறது என்பதை இந்தக் கணக்கோடு படியுங்கள். நிமிடத்துக்கு 125 மி.லி. வடிகட்டல், நாளுக்கு 180 லிட்டர், வெளியே போவது ஒன்றரை லிட்டர். மீதி அத்தனையும் திரும்ப உறிஞ்சப்படுகிறது.

பாறையில் சிப்பி ஓடு காலைக் கிழித்தால் வலி தெரிவதற்கு முன்பே கால் இழுத்துக்கொள்ளும். அது தண்டுவடத்தின் வேலை, அனிச்சை வில். கிழிந்த இடத்தில் ரத்தத் தட்டுகள் கூடி, ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் ஃபைப்ரின் இழையாக மாறி, ரத்தம் உறைகிறது. இதற்குக் கால்சியமும் வைட்டமின் கே-யும் வேண்டும்.

செரிமானத்தை முங்கலோடு கட்டாயப்படுத்திச் சேர்க்க வேண்டாம். அதற்கு ஒரு பக்க அட்டவணை போதும்: எந்த நொதி, எங்கே சுரக்கிறது, எதைச் செரிக்கிறது, எந்த பிஹெச்சில் (அமில-கார அளவில்). உமிழ்நீருக்கு 6.8, இரைப்பைக்கு 1.8, கணையநீரின் நொதிகளுக்கு 7.8. எலும்பும் அப்படித்தான். மொத்தம் 206 எலும்பில் அச்சுச் சட்டகம் (தலை, முதுகு, மார்பு) 80, இணையுறுப்புச் சட்டகம் (கை, கால், அவற்றைத் தாங்கும் வளையங்கள்) 126. உங்கள் உடம்பைத் தொட்டு எண்ணிப் பழகுங்கள். தோள் எந்த வகை மூட்டு, முழங்கால் எந்த வகை என்பது நீச்சலடிக்கும்போதே தெரிந்துவிடும்.

ஹார்மோன் பாடத்தைக் கடைசியாக வையுங்கள். மற்றதெல்லாம் தெரிந்தபின் படித்தால் ஒவ்வொரு ஹார்மோனும் ஏற்கெனவே பார்த்த இடத்துக்குத்தான் போய்ச் சேரும்.

நீட்டில் 720-இல் 360 மதிப்பெண் உயிரியலுக்கு. தமிழிலேயே எழுதலாம். ஆனால் மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வினாவே இறுதி. அதனால் படம் வரையும்போது பாகங்களின் பெயரை இரண்டு மொழியிலும் எழுதிவிடுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சேர்க்கையில் 2020-இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்திருக்கிறது, 2022-இல் ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்துவிட்டது. மருத்துவம் கிடைக்காவிட்டாலும் நர்சிங், லேப், பிசியோதெரபி எதற்குப் போனாலும் முதல் வருஷப் பாடம் இதே உடல்தான்.

இந்த வாரம் நெஃப்ரானையும் (சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகு) இதயத்தையும் புத்தகம் பார்க்காமல் வரைந்து பாருங்கள். எங்கே கை நிற்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.