ஒரு குழாய், ஒரு தட்டு

போன மாதம் பதவி உயர்வுப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருட வேலையை ஏழு பக்கத்துக்குள் அடைக்க வேண்டும். ஐந்தாம் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்: எச்-இண்டெக்ஸ். எனக்கு 11. அதாவது, தலா 11 தடவையாவது பிறர் சைட்டேஷன் கொடுத்த, அதாவது தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டிய, கட்டுரைகள் என் பெயரில் 11 இருக்கின்றன. 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் போட்ட கணக்கு இது. இயற்பியல்காரர்களுக்காகப் போட்டது, கிருமி வளர்க்க அகார் கூழ் காய்ச்சுகிற எங்கள் தலையிலும் வந்து விழுந்துவிட்டது.

அந்த 11-ஐப் பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் வெட்கம்தான். அதிகம் சைட்டேஷன் வாங்கியது ஒரு ரிவ்யூ கட்டுரை. ஒரு மழைக்காலத்தில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் காலை வாரி, ஃப்ரீசரில் சேர்த்து வைத்திருந்த கிருமிகளில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. பெஞ்சில் வேலை இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று, அடுத்தவர்கள் கண்டுபிடித்ததையெல்லாம் படித்துத் தொகுத்து எழுதினேன். கையுறைகூடப் போடாமல் செய்த வேலை. அதுதான் 200-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்குப் பிடித்த கட்டுரை வேறு. இரண்டே பக்கம்.

அப்போது சிறுநீர் மாதிரிகளில் கிடைத்த இ.கோலை என்ற கிருமிக்கு எந்த மருந்து கேட்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முல்லர்-ஹிண்டன் அகார் தட்டில் கிருமியைப் பஞ்சுக்குச்சியால் தடவி, மருந்து ஊறிய வட்டத் தாள்களை வைத்து, இரவு முழுக்க இன்குபேட்டரில் விட வேண்டும். காலையில் தாளைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை ஸ்கேலால் அளப்போம். வட்டம் பெரிதென்றால் மருந்து கேட்கும், சிறிதென்றால் கேட்காது. எனக்கு வந்ததெல்லாம் சின்ன வட்டம். ஊரெல்லாம் மருந்துக்கு அடங்காத கிருமி என்று எனக்கு ஒரே உற்சாகம். கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

லேப் உதவியாளர் அண்ணன்தான் ஒருநாள் கேட்டார்: "மேடம், நம்ம கண்ட்ரோல் கிருமிக்கே வட்டம் சின்னதா வருதே?" எல்லா மருந்தும் கேட்க வேண்டிய கிருமி அது. தினமும் அதைச் சேர்த்துப் போடாதது என் சோம்பேறித்தனம். அவர் பிளேடால் அகாரில் ஒரு துண்டு வெட்டி, ஸ்கேல் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 6 இருந்தது. அகார் தடிமனானால் மருந்து பக்கவாட்டில் பரவுவதோடு ஆழத்திலும் இறங்கிவிடும், வட்டம் சுருங்கிவிடும். கிருமிமேல் தப்பில்லை. நாங்கள் கண்ணளவில் ஊற்றியதுதான் தப்பு. ஆறு மாத முடிவுகள் குப்பைக்குப் போயின.

அப்புறம் அளந்து பார்த்தோம். 90 மில்லிமீட்டர் தட்டுக்கு ஏறக்குறைய 25 மில்லி ஊற்றினால் சரியாக 4 வருகிறது. நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கும் முன்பே குழாய்க்கு 25 மில்லி என்று பிரித்துவிட்டால், ஊற்றும்போது யோசிக்கவே வேண்டாம். ஒரு குழாய், ஒரு தட்டு. அதை எழுதி ஒரு சின்னப் பத்திரிகைக்கு அனுப்பினேன். இன்றுவரை மூன்று சைட்டேஷன். அதில் இரண்டு, நானே போட்டுக்கொண்டது.

செய்முறைக் கட்டுரை என்றால் யாரும் சீண்டமாட்டார்கள் என்பதும் இல்லை. உலகத்திலேயே அதிகம் சைட்டேஷன் வாங்கிய கட்டுரை, புரதத்தை அளக்க லௌரி 1951-இல் எழுதிய செய்முறைதான். மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. புரதம் அளப்பவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள், பெயரைக் குறிப்பிடுகிறார்கள். தட்டு ஊற்றுகிறவர்கள் ரிப்போர்ட் எழுதுகிறார்கள், அதில் எங்கே சைட்டேஷன் போடுவது?

கல்கத்தாவின் சம்புநாத் டேயையும் நினைத்துக்கொள்வேன். காலரா கிருமி ஒரு நஞ்சைச் சுரந்துதான் ஆளை வற்றடிக்கிறது என்று 1884-இலேயே ஜெர்மன் ஆய்வாளர் கோக் ஊகித்திருந்தார். கிருமி நீக்கிய வடிநீரை மட்டும் முயல் குடலில் செலுத்தி அதை நிரூபித்தவர் டே. 1959-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. அதன் அருமை மெதுவாகத்தான் தெரிந்தது. சைட்டேஷன் கணக்கையே உருவாக்கிய கார்ஃபீல்டு, டேயின் தாக்கத்தைப் பற்றி 1986-இல் எழுதினார். டே அதற்கு முந்தைய வருடமே காலமாகிவிட்டார். அவரோடு என்னை ஒப்பிடவில்லை. அவர் காலராவை அவிழ்த்தவர், நான் அகார் அளந்தவள்.

போன வருடம் மாவட்ட மருத்துவமனை லேப் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். ஒரு பெண் மேசையில் குழாய்களை அடுக்கி ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த பையனிடம், "கண்ணால பாத்து ஊத்தாத. ஒரு குழாய், ஒரு தட்டு" என்றாள்.

"இதை யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன்.

"எங்க சீனியர் அக்கா, மேடம். எல்லாரும் இப்படித்தானே செய்வாங்க?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'பிற பங்களிப்புகள்' என்று இரண்டு வரி விட்டிருந்தார்கள். கேன்டீன் கமிட்டியில் இருந்ததை எழுதினேன்.