அம்மாவின் குதிகாலும் அப்பாவின் குரோஷாவும்

எங்கள் வீட்டில் செருப்பின் எல்லை வாசற்படியோடு முடிந்துவிடும். தெரியாத்தனமாக யாராவது ஹால் வரைக்கும் போட்டுக்கொண்டு வந்துவிட்டால் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். அவர்கள் கிளம்பிப் போனதும் வீடு முழுக்க பினாயில் வாசனை வரும், அவ்வளவுதான். இப்படிப்பட்ட அம்மாவிடம் போய் டாக்டர், "வீட்டுக்குள்ள வெறுங்காலோட நடக்காதீங்க, செருப்பு போட்டுக்கோங்க" என்றால் என்ன நடக்கும்?

அம்மாவுக்குக் குதிகால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் நாலைந்து அடிகளில் உயிர் போகும். நடக்க நடக்கக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மத்தியானம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் ஆரம்பம். குதிகாலிலிருந்து விரல்கள் வரைக்கும் பாதத்துக்கு அடியில் ஓடுகிற பட்டையான நார் புண்பட்டிருப்பதாகவும், டைல்ஸ் தரைதான் அதற்கு முதல் எதிரி என்றும் டாக்டர் சொன்னார். கெண்டைக்கால் சதையை இழுத்து விடுகிற பயிற்சி, எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பரில் செய்த செருப்பு, இரண்டையும் எழுதிக் கொடுத்தார். அம்மா பயிற்சியை ஏற்றுக்கொண்டார். செருப்பையும் வாங்கினார். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு காய்கறி வண்டிக்குப் போவார், திரும்பி வந்ததும் வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு டைல்ஸில் நடப்பார்.

"அம்மா, அதை உள்ள போடணும்."

"சாமி அலமாரிக்கு எதிர்ல செருப்பா? நல்லா இருக்குடி நீ சொல்றது."

இந்த இடத்தில்தான் அப்பா உள்ளே நுழைந்தார். அவர் அரசுக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு வீட்டில் ஒவ்வொரு துறையாகத் தணிக்கைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்பதற்கு ஒரு நோட்டு, பால் பாக்கெட்டுக்கு ஒரு நோட்டு. நான் குரோஷாவில் ஒரு கைப்பை பின்னிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நூல்ல பின்னினா அது செருப்புக் கணக்குல வருமா, சாக்ஸ் கணக்குல வருமா?"

அம்மா யோசித்தார். "சாக்ஸ்னா பரவாயில்ல" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

"அப்போ எனக்குக் கத்துக்கொடு. நானே பின்றேன்."

திருச்சியில், அதுவும் மே மாதத்தில், உல்லன் நூல் வாங்கப் போனோம். தையல் சாமான் கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஊட்டிக்கா?" என்றார். வீட்டுக்குள் போட என்று அப்பா சொன்னதும், ஏ.சி.யைக் குறைத்து வைத்துக்கொள்ளும்படி அன்பாக அறிவுரை சொன்னார். எங்கள் பக்கம் உல்லன் நூல் போவது பெரும்பாலும் பள்ளிக்கூடக் கைவேலைக்கும் வாசல் தோரணத்துக்கும்தான். அதனால் இருந்த நிறங்களும் அதற்கேற்ப இருந்தன: கிளிப்பச்சை, ரோஸ், மஞ்சள். "அழுக்கு தெரியாத கலரா வாங்குங்க" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா கிளிப்பச்சையை எடுத்தார். கேட்டால், அழுக்கு தெரிந்தால்தானே துவைப்போம் என்று விளக்கம்.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். குரோஷாவுக்கு ஒரே ஒரு ஊசிதான். நுனியில் கொக்கி. எந்த நேரத்திலும் ஊசியில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். தப்பாகப் போனால் ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால் மொத்தமும் மளமளவென்று பிரிந்து வந்துவிடும். அதனால் பயமே வேண்டாம். காலில் போடும் சமாச்சாரம் கெட்டியாக வர வேண்டும் என்பதால் இரண்டு இழையைச் சேர்த்துப் பிடித்து, 6 மில்லிமீட்டர் ஊசியில் பின்ன வேண்டும். ஒரு ஜோடிக்கு 150 கிராம் நூல் வாங்கினால் தாராளம்.

கால்விரல் பக்கமிருந்துதான் ஆரம்பம். சின்னதாக ஒரு வளையம், அதற்குள் ஆறு சிங்கிள் குரோஷே, அதாவது குரோஷாவின் அடிப்படைக் கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டு, ஆகப் பன்னிரண்டு. அதற்கடுத்து பதினெட்டு, அப்புறம் இருபத்துநான்கு. அம்மாவின் பாத அளவுக்கு இதோடு கூட்டுவதை நிறுத்திக்கொண்டு, அதே இருபத்துநான்கில் சுற்றிச் சுற்றிப் போனால் ஒரு கிண்ணம் மாதிரி வந்து, பாதத்தின் முன்பாதியை மூடும். புறங்கால் மேடு வந்ததும் மேல் பக்கம் எட்டுக் கண்ணிகளை விட்டுவிட்டு, மீதிப் பதினாறில் மட்டும் போய்த் திரும்பி, போய்த் திரும்பிக் குதிகால் வரை பின்ன வேண்டும். கடைசியில் இரண்டாக மடித்துப் பின்பக்கத்தைத் தைத்துவிட்டால் முடிந்தது. அம்மாவின் பாதம் 23 சென்டிமீட்டர். போடப் போட நூல் தளர்ந்து கொடுக்கும் என்பதால் 22-லேயே நிறுத்திவிட வேண்டும்.

இதையெல்லாம் அப்பா ஒரு புது நோட்டில் எழுதிக்கொண்டார். வரிசை எண், தொடக்க இருப்பு, வரவு, இறுதி இருப்பு. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கோடு போட்டு எழுதினார். சுற்று எங்கே தொடங்கியது என்று தெரிய ஒரு கண்ணியில் ஊக்கு குத்தி வைக்கச் சொன்னேன். அம்மாவின் தாலிச் சரட்டிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கினார். திருப்பிக் கொடுக்க வேண்டியது என்று அதையும் நோட்டில் ஏற்றினார்.

சுற்றிப் பின்னிய வரைக்கும் கணக்கு பைசா சுத்தமாக இருந்தது. திருப்பிப் பின்னும் இடத்தில்தான் வம்பு. பதினாறு பதினைந்தானது. பதினைந்து பதினான்கானது. குரோஷா கற்றுக்கொள்கிற எல்லாருக்கும் இது நடக்கும். வரிசையின் கடைசிக் கண்ணி ஓரமாக ஒட்டிக்கொண்டு கண்ணில் படாமல் இருக்கும், அதை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். துணி முக்கோணமாகக் குறுகிக்கொண்டே போகும். ஆனால் அரசுக் கணக்கில் ஊறியவருக்கு அது வெறும் கண்ணியில்லை, கையாடல்.

"பதினாறு குடுத்தேன். பதினாலு இருக்கு. ரெண்டு எங்க போச்சு?"

"ஓரத்துல இருக்குப்பா, விட்டுட்டீங்க."

"நான் விடல. துண்டு விழுந்திருக்கு. எங்கேன்னு கண்டுபிடிக்காம மேல போக முடியாது."

ராத்திரி பத்தரை வரைக்கும் மூக்குக் கண்ணாடியும் டார்ச் லைட்டுமாக விசாரணை நடந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "ஏங்க, பென்ஷன் பேப்பரையே இவ்ளோ நேரம் பாத்ததில்லையே நீங்க" என்றார். மறுநாள் காலையில் அந்த இரண்டு கண்ணிகளும் ஓரத்தில் அகப்பட்டன. நோட்டில் சிவப்பு மையில் 'குறை நிவர்த்தி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அதற்கப்புறம் ஒரு கண்ணி தப்பவில்லை. சொல்லிக்கொடுத்த என்னை விடவும் ஓரம் நேராக வருகிறது என்பதை இங்கே மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு வழியாக ஜோடி தயாரானது. இந்த மாதிரிப் பின்னலில் இடது கால், வலது கால் வித்தியாசமே கிடையாது, எதை எதில் வேண்டுமானாலும் போடலாம். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்றில் 'இ', இன்னொன்றில் 'வ' என்று மஞ்சள் நூலில் குத்தி வைத்தார்.

அம்மா போட்டுக்கொண்டு இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடியை அவர் வைக்கவில்லை, தானாகவே போனது. ஃபிரிட்ஜ் கைப்பிடி மட்டும் கைக்கு எட்டாமல் இருந்திருந்தால் குதிகால் வலி பெரிய விஷயமாகவே இருந்திருக்காது. நூல் அடிப்பாகமும் வழவழ டைல்ஸும் சேர்ந்தால் வழுக்கும். வயசானவர்கள் இருக்கிற வீட்டில் அடியில் பிடிப்பு வைக்காமல் இதைப் போடக் கூடாது, இது சத்தியமாக விளையாட்டில்லை. அப்பா மட்டும், "தரையில கோளாறு" என்று முதல் அறிக்கை கொடுத்தார்.

பாத்ரூம் இடுக்கு அடைக்க வாங்கி வைத்திருந்த சிலிகான் டியூப் மிச்சம் இருந்தது. அடிப்பாகத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாக அதை வைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டால் ரப்பர் மாதிரி பிடித்துக்கொள்ளும். காய்கிற வரைக்கும் வினிகர் வாடை அடிக்கும். அம்மா ஊறுகாய் ஜாடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்து, எலுமிச்சையைச் சந்தேகப்பட்டு வெயிலில் வைத்துவிட்டார். அப்புறம் காரணம் தெரிந்து, செருப்பைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க இது, நேர்புள்ளியும் இல்லாம ஊடுபுள்ளியும் இல்லாம? ஒரு வரிசையில ஏழு இருக்கு, அடுத்ததுல ஒம்பது இருக்கு. இதுல கோலம் வருமா?"

கண்ணிக் கணக்கில் அசராத மனுஷன் புள்ளிக் கணக்கில் தலைகுனிந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

வழுக்கல் நின்றது. ஆனால் டாக்டர் சொன்ன மெத்தென்ற தாங்கல் வரவில்லை. உல்லன் எவ்வளவு தடித்தாலும் ஆள் ஏறி நின்றால் அப்பளமாகிவிடும். பஸ் ஸ்டாப் பக்கத்தில் செருப்புத் தைக்கிற அண்ணனிடம் அப்பா அட்டையில் வரைந்த பாத அளவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் எம்.சி.ஆர். ஷீட்டில் அச்சாக இரண்டு வெட்டிக் கொடுத்தார். அதை உள்ளே வைத்து, மேலே அப்பாவின் பழைய வேட்டித் துணியை நான்காக மடித்துப் போட்டுச் சுற்றிலும் தைத்து மூடினோம்.

"உள்ள என்ன வெச்சிருக்கீங்க?" என்றார் அம்மா.

"குஷன்" என்றார் அப்பா. பொய்யில்லைதான்.

வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. "இதைப் போட்டுக்கிட்டு எல்லா ரூமுக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடுங்கம்மா, தூசி முடி எல்லாம் அதுலயே ஒட்டிக்குது, எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றார். பக்கத்து வீட்டு மாமி இன்னும் ஒரு படி மேலே போனார். "கம்பளி மடி. இதைப் போட்டுண்டு நீங்க தாராளமா சமைக்கலாம்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். அப்பாவுக்குத்தான் ஆவணத்தைக் காட்டாமல் இருக்க முடியாதே. நூல் கண்டின் மேல் சுற்றியிருந்த காகிதத்தைக் கொண்டுவந்து, "100 சதவீதம் அக்ரிலிக்" என்று படித்துக் காட்டினார். நாம் உல்லன் உல்லன் என்று வாங்குவதில் முக்கால்வாசி இதுதான். ஆட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மாமி ஒரு நொடிதான் தயங்கினார். "அப்போ பிளாஸ்டிக்னு வெச்சுக்கோங்கோ. பிளாஸ்டிக் குடத்துல தண்ணி பிடிச்சு வெக்கலையா?" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்.

அக்ரிலிக் என்று தெரிந்ததால் நான் ஒரு நிபந்தனை போட்டேன். தீ பட்டால் அது உருகிக் காலில் ஒட்டிக்கொள்ளும். அதனால் தாளிக்கும்போதும் விளக்கேற்றும்போதும் கழற்றி வைத்துவிட வேண்டும். சாமி அலமாரிப் பிரச்சினைக்கும் இதிலேயே விடை கிடைத்துவிட்டதால் அம்மா உடனே சம்மதித்தார்.

எம்.சி.ஆர். விஷயம் துவைக்கும்போது வெளியே வந்தது. ஓரத்தில் தையல் விட்டு, நீலமாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். அப்பா பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். நான் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகலாமா என்று பார்த்தேன். ஆனால் காலையில் எழுந்ததும் வைக்கிற முதல் அடி இப்போது முன்னளவுக்கு உயிரை எடுப்பதில்லை என்பது அம்மாவுக்குத் தெரியுமல்லவா? முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்:

"செருப்புன்னா வார் இருக்கணும். இதுல வார் எங்க இருக்கு?"

மேல்முறையீட்டுக்கு யாரும் போகவில்லை.

இப்போது ஆர்டர் வரத் தொடங்கிவிட்டது. கோவில்பட்டிப் பெரியம்மாவுக்கும் குதிகால் வலியாம். பாதத்தைப் பேப்பரில் வைத்துச் சுற்றி வரைந்து, அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். போட்டோவில் பாதம் எவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியும்? பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னார் அப்பா. நாணயத்தின் அளவு தெரிந்தால் பாதத்தின் அளவைக் கணக்குப் போட்டுவிடலாம் அல்லவா.

பத்து ரூபாய் நாணயத்தை வைத்து அனுப்பினார் பெரியம்மா. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "27 மில்லிமீட்டர்!" என்று நோட்டைப் பிரித்தார். நான் போனில், "சரியான காசா வெச்சிருக்கீங்க பெரியம்மா" என்றேன்.

"ஏட்டி, எங்க ஊர்ல எந்தக் கடைக்காரனும் இந்தக் காச வாங்க மாட்டேங்கான். டப்பா நெறையக் கெடக்கு. செருப்புக்கு இதையே குடுத்தா உங்கப்பா வாங்கிக்கிடுவாரான்னு கேளு."