அப்பாவின் புருவச் சுளிப்பு

என் தந்தை டிமென்ஷியா எனப்படும் மறதிநோயோடு ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அவற்றுள் கடைசி எட்டு மாதங்களைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். அந்தக் கட்டத்துக்குத்தான் நாங்கள் கொஞ்சமும் ஆயத்தமாக இல்லை. பெயர்களை மறப்பதும் வழி தவறுவதும் எங்களுக்குப் பழகிப்போயிருந்தன. ஆனால் அந்த நோய் நினைவோடு நின்றுவிடாமல் நடப்பது, உட்காருவது, விழுங்குவது என ஒவ்வொன்றாகப் பறித்து இறுதியில் உயிரையும் கொண்டுபோகும் என்பதை, அவர் படுக்கையில் விழுந்த பிறகே உணர்ந்தோம்.

அப்போது அவருடைய பேச்சு முற்றிலும் நின்றிருந்தது. குளிப்பாட்டும்போது முனகுவார், எங்கள் கைகளைத் தள்ளிவிடுவார். நோயின் முரண்டு என்றே அதை எண்ணினோம். அமைதிப்படுத்தும் மாத்திரையும் கொடுத்துவந்தோம். வலித்தணிப்புச் சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்த செவிலியர்தான், வாய்திறந்து சொல்ல இயலாதவர்களின் வலியை அறிவதற்கென ‘பெயினாட்’ என்றோர் அளவுகோல் இருப்பதைச் சொன்னார். மூச்சு, முனகல், முகபாவம், உடலசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்பது ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. இரண்டு நாட்கள் குறித்துவைத்தோம். அசையாமல் படுத்திருக்கையில் 1, இடப்பக்கம் திருப்பினால் 7. புருவங்கள் நெரிந்து, வலக்கை போர்வையின் ஓரத்தைக் கசக்கிப் பிடிக்கும். பரிசோதித்தபோது இடத்தோள் மூட்டு இறுகிப்போயிருப்பது தெரிந்தது. குளிப்பாட்டுவதற்கு முன்பு பாராசிட்டமால் கொடுத்து, வலப்பக்கமாகவே திருப்பத் தொடங்கிய ஒரு வாரத்தில் அந்தப் புருவச் சுளிப்பு மறைந்தது. அமைதிப்படுத்தும் மாத்திரையையும் மருத்துவர் படிப்படியாக நிறுத்தினார். எத்தனை வாரங்கள் வலியோடு கிடந்தாரோ என்ற எண்ணம் இன்றும் என்னைவிட்டு அகலவில்லை.

அடுத்து வந்தது உணவு. புரையேறி, நிமோனியா கண்டு மருத்துவமனையில் சேர்த்தபோது, மூக்குவழிக் குழாய் பொருத்தலாம் என்றார்கள். அக்கா அழுதுகொண்டே, “அப்பாவைப் பட்டினி போடப்போகிறோமா?” என்று கேட்டாள். என்னிடம் பதிலில்லை. வலித்தணிப்பு மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து நிதானமாக விளக்கினார். முற்றிய மறதிநோயில் குழாய் ஆயுளை நீட்டிப்பதாகச் சான்று இல்லை என்றும், உமிழ்நீரே நுரையீரலுக்குள் இறங்குவதால் நிமோனியாவையும் அது தடுப்பதில்லை என்றும், குழாயைப் பிடுங்காதிருக்கக் கைகளைக் கட்டிவைக்க நேர்வதும் உண்டு என்றும் கூறினார். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் முற்றிய நிலையிலிருந்த 323 பேரை 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 86 விழுக்காட்டினருக்கு உண்பதில் சிக்கல் ஏற்பட்டிருந்ததாம். இது நாங்கள் சரியாக ஊட்டாததால் வந்ததன்று, நோயின் போக்கே இதுதான் என்று தெரிந்தபோது அக்காவின் அழுகை சற்று அடங்கியது. குழாய் வேண்டாம் என்று இருவரும் கையொப்பமிட்டோம்.

பிறகு கையால் ஊட்டினோம். நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாய் சற்றே தாழ்ந்திருக்கும்படி தலையணை வைத்து, பாதித் தேக்கரண்டி அளவு மசித்த உணவைக் கீழுதட்டில் தொட்டுக் காத்திருக்க வேண்டும். உதடு பிரியும். தொண்டை மேலேறி இறங்கியதைக் கண்ட பிறகே அடுத்த வாய். ஒரு வேளைக்கு முக்கால் மணிநேரம் ஆகும். வாயை இறுக்கிக்கொண்டால் அத்தோடு நிறுத்திவிடுவோம். உடல் மெலிந்துகொண்டேதான் வந்தது. ஆயினும் அந்த முக்கால் மணிநேரமும் அவர் கண்கள் என் முகத்திலேயே பதிந்திருக்கும். குழாய் பொருத்தியிருந்தால் அதை நான் இழந்திருப்பேன்.

கடைசி மூன்று நாட்கள் எதையும் விழுங்கவில்லை. ஈரப்பஞ்சினால் உதடுகளையும் நாக்கையும் நனைத்துவந்தோம். மூச்சு வேகமெடுத்து, தணிந்து, சில நொடிகள் நின்று, மீண்டும் தொடங்கும். இறுதி நேரத்தில் இது இயல்பே என்று செவிலியர் சொல்லியிருந்தார். அன்றிரவும் பழக்கத்தின்படி தாளை எடுத்துக் குறித்தேன். மூச்சுக்கு நேரே 2. மற்ற நான்குக்கும் பூச்சியம்.