பாணை விட்டால் போதாது: ஒரு கொழும்புக் குசினியின் நாட்குறிப்பு

2025 ஜனவரி 6, திங்கள்

கோதுமை குடலைக் கெடுக்கிற சீலியாக் நோய் என்று வைத்தியர் சொன்னதும் வீட்டில் முதலில் நிற்பது பாண். சரிதான். ஆனால் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தமிழ் வீட்டில் கோதுமை மா பாணோடு நின்றுவிடுவதில்லை. யாழ்ப்பாணத்துத் தோசைக்கு உழுந்தோடு கரைப்பது கோதுமை மா. பிட்டுக்கு அவித்துக் கொத்துவதும் அதே மா. கடை இடியப்பத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது பிழிந்தவருக்குத்தான் தெரியும். அரிசிச் சாப்பாடு என்று நம்பி உட்காருகிற தட்டில்தான் ஆபத்து இருக்கிறது.

உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற நோய்கள் பல; சீலியாக்கும் அதில் ஒன்று. மூட்டுவாதத்திலும் தைரொயிட்டிலும் சாப்பாடு துணைக்கு வரும். அதை நம்பி மாத்திரையை விடக்கூடாது. சீலியாக்கில் மட்டும் சாப்பாடுதான் மருந்து. கோதுமை, பார்லி, றை ஆகிய மூன்று தானியங்களிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், சத்தை உறிஞ்சுகிற சிறுகுடலின் சடைமுளைகள் (விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள்) அழிந்து தட்டையாகிவிடும். பிறகு இரும்புச் சத்தும் கல்சியமும் எவ்வளவு சாப்பிட்டாலும் சரியாக ஒட்டாது. நெதர்லாந்தில் 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் இல்லாமல் போனபோது இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் மறுபடி வாடினார்கள். கோதுமைதான் காரணம் என்ற எண்ணம் வில்லெம் டிக்கே என்ற குழந்தை வைத்தியருக்கு உறுதிப்பட்டது அப்போதுதான்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறோம். சந்தேகம் இருக்கிறதென்று பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால், பரிசோதனையில் தேடுகிற எதிர்ப்பொருள் (எதிர்ப்புச் சக்தி உண்டாக்குகிற புரதம்) இரத்தத்தில் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். குறைந்தது 6 வாரமாவது தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கிற உடம்பில்தான் பரிசோதனை செய்ய வேண்டும்.

ஜனவரி 8, புதன்

இன்று பாத்திரங்கள்.

பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓலைப் பின்னலின் இடுக்குகளில் வெள்ளையாகக் காய்ந்து இறுகியிருப்பது பழைய மா. ஊறவைத்துத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. புதிதாக ஒன்று வாங்குவதைத் தவிர வழியில்லை. பின்னிய இடியப்பத் தட்டு, மர இடியப்ப உரல், அரிதட்டு, வெடித்த அகப்பை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எவர்சில்வரும் கண்ணாடியும் நன்றாகக் கழுவினால் போதும். கிரைண்டரில் உழுந்தும் அரிசியும் மட்டும் அரைத்திருந்தால் பயமில்லை. கோதுமை மாவைப் பிறகு சட்டியில்தானே கரைப்பார்கள். புளிக்க வைக்கிற சட்டியையும் கரண்டியையும் மாற்றுங்கள்.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? சர்வதேச உணவு நியமப்படி குளூட்டன் இல்லாத உணவென்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மாதக்கணக்கில் போனாலே குடல் கெடுவது தெரிந்திருக்கிறது. ஒரு துண்டு பாணில் 2 கிராம் அளவு இருக்கும். அந்தத் துண்டை 40 ஆகப் பிய்த்தால் ஒரு பங்கிலேயே அந்த 50 மில்லிகிராம் வந்துவிடும். சம்பல் கிண்ணத்துக்குள் பாண் தூளோடு போய் வருகிற கரண்டிக்கு அவ்வளவைக் கொண்டுபோவது பெரிய வேலையில்லை. பட்டர் டப்பாவும் அப்படித்தான்; தனியாக ஒன்று வையுங்கள்.

கோதுமை மா அரிக்கும்போது பறக்கிற தூசி மணிக்கணக்கில் படிந்துகொண்டே இருக்கும். மற்றவர்களுக்கு றொட்டி வேண்டுமானால் அரிசிச் சமையல் முடிந்து எல்லாவற்றையும் மூடி வைத்த பிறகு சுடுங்கள்.

ஜனவரி 10, வெள்ளி

தனி அரிசி மாப் பிட்டு. மில்லில் அரைப்பிக்க வேண்டாம், அதே மெஷினில் கோதுமையும் ஓடியிருக்கும். மிளகாய்த்தூளுக்கும் இதைத்தான் சொல்வோம். சிவப்புப் பச்சையரிசியை 4 மணி நேரம் ஊறவிட்டு, வடித்து, துணியில் உலர்த்தி, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே மிக்ஸியில் அரைத்துப் புது அரிதட்டில் அரித்து வறுங்கள். விரலால் எடுத்துக் கோலம் போட்டால் இழை அறாமல் விழ வேண்டும். அதுதான் பதம்.

மா 2 கப், உப்பு அரைத் தேக்கரண்டி. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, ஒரு நிமிடம் ஆறவிட்டு, முக்கால் கப் அளவு தெளித்துத் தெளித்து அகப்பைக் காம்பால் கிளறுங்கள். பேணி விளிம்பால் கொத்தி, தேங்காய்ப்பூ சேர்த்து 10 நிமிடம் அவித்தால் சரி. தண்ணீர் ஆறிப்போயிருந்தால் பிட்டு மணல் மாதிரி உதிரும். ஒரேயடியாக ஊற்றினால் இடியப்ப மாவாகக் கட்டிவிடும். வறுவல் குறைந்தால் அவிந்த பிறகு பசை பிடிக்கும்.

தோசை: உழுந்து 1 பங்கு, பச்சையரிசி 2 பங்கு, வெந்தயம் 1 தேக்கரண்டி, ஒரு பிடி சோறு. 5 மணி நேரம் ஊறவிட்டு, அரிசியைக் குருணை இல்லாமல் அரையுங்கள். இதுவரை தோசையை இழுத்துப் பிடித்தது கோதுமையின் பசை. அது இல்லாதபோது குருணை இருந்தால் திருப்பும்போது உடையும். கொழும்புப் புழுக்கத்தில் 8 மணி நேரத்தில் புளித்துவிடும். வெங்காயம், செத்தல் மிளகாய், கடுகு, கறிவேப்பிலை தாளித்து மஞ்சளோடு சேர்த்து, தடிப்பாக வார்த்து மூடிச் சுட்டால் நிறமும் மணமும் ஊர்த் தோசைதான்.

ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். பச்சையரிசி, பயறு, சர்க்கரை, பால், முந்திரி: பயமில்லாமல் சாப்பிடலாம். மோதகத்தில் மட்டும் கவனம். மேல் மாவில் அரிசியோடு கோதுமை கலக்கும் வீடுகள் பல. செய்தவரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஜனவரி 19, ஞாயிறு

வெளிச் சாப்பாடு. கொத்து றொட்டி போடுகிற தகட்டில் சுட்ட முட்டையும் ஆகாது. உழுந்து வடை நல்லது, ஆனால் றோல்ஸும் கட்லட்டும் பொரித்த எண்ணெயில் பாண் தூள் மிதக்கும். ஃபிரைட் றைஸில் ஊற்றும் சோயா சோஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. மாமைட்டிலும் மோல்ட் பானங்களிலும் பார்லி. குரக்கன் பாண் என்று விற்பதில் அதிகம் இருப்பது கோதுமையே.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு: முற்றிலும் குளூட்டன் அற்ற நற்கருணை அப்பத்தைத் திருச்சபை ஏற்பதில்லை, குளூட்டன் குறைந்த அப்பத்தை ஏற்கிறது. திராட்சை இரசத்தை மட்டும் பெறவும் இடமுண்டு. குருவானவர் அப்பத் துண்டு இடாத தனிக் கிண்ணமாக இருக்கட்டும். பூசைக்கு முன்பே போய்ப் பேசிக்கொள்ளுங்கள்.

ஜனவரி 23, வியாழன்

முதல் சில மாதங்கள் பால்தேநீர் வயிற்றைப் பொருமச் செய்யலாம். லாக்டோஸைச் செரிக்கும் நொதியம் சடைமுளைகளின் நுனியில் சுரப்பது. குடல் ஆறினால் பெரும்பாலும் திரும்பும். அதுவரை கல்சியத்துக்கு நெத்தலியும் வீட்டில் அரைத்த குரக்கனும். குரக்கன் 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவு கல்சியம் உண்டு. கீரை வறைக்குத் தேசிக்காய்ப் புளி விடுங்கள், இரும்பு நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு தேநீர் வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். எலும்புக்கு நடையும் வெயிலும் வேண்டும்.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், அறிகுறி இல்லாவிட்டாலும்.

6 மாதத்திலும் ஒரு வருடத்திலும் எதிர்ப்பொருள் அளவைத் திரும்பப் பார்ப்பார்கள். வயது வந்தவர்களுக்குக் குடல் முழுதாக ஆற 2 வருடமும் அதற்கு மேலும் எடுக்கலாம், மனம் தளரக்கூடாது. அளவு இறங்கவேயில்லை என்றால் நோய் முற்றிவிட்டதென்று பயப்படுவதற்கு முன் குசினியைத் தேடுங்கள். தெரியாமல் போகிற குளூட்டன்தான் அதற்கு முதல் காரணம். கடைப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவும் சேர்ப்பது வழக்கம். ரசத்திலும் சாம்பாரிலும் தினம் ஒரு சிட்டிகை. அந்தச் சின்ன டப்பாவின் பின்பக்கத்தை இன்றைக்கே வாசித்துப் பாருங்கள்.