‘மருத்துவ விடுப்பு’ என்ற இரண்டு சொற்களுக்காக

நேற்று மாலை, குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்ற தம்பியின் விடுப்பு ஆணை கைக்கு வந்தது. ‘மருத்துவ விடுப்பு’ என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு சொற்களுக்காகக் கல்லூரி அலுவலகத்தின் படிகளை நான்கு முறை ஏறி இறங்கினேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் இதே வழியில் இன்னொரு அக்காவோ அம்மாவோ இன்றைக்கு நடந்துகொண்டிருக்கலாம் என்பதால், நினைவு மங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

தம்பி மூன்றாம் ஆண்டு மாணவன். முதல் ஆண்டில் வார இறுதியில் நண்பர்களோடு குடித்தான். இரண்டாம் ஆண்டில் தேர்வு நன்றாக எழுதினால் ஒரு முறை, எழுதாவிட்டால் ஒரு முறை. பிறகு தூக்கம் வரவேண்டும் என்று ஒவ்வோர் இரவும். விடுதியிலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தபோது, காலையில் குடித்தால்தான் பேனா பிடிக்கும் அளவுக்குக் கை நிற்கும் என்ற நிலைக்கு வந்திருந்தான். அந்தக் கை நடுக்கத்தின் பொருள் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை.

புரியாததால் செய்த தவறு இது. அவனை வீட்டுக்கு அழைத்து வந்து, இனி ஒரு சொட்டும் தொடக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டோம். அவனும் மனதாரத்தான் வாக்குக் கொடுத்தான். அன்று நள்ளிரவுக்குள் வியர்த்துக் கொட்டியது. தண்ணீர் கொடுத்தாலும் வாந்தி எடுத்தான். “இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொள், சரியாகிவிடும்” என்றார் அப்பா. மறுநாள் பின்னிரவில் வலிப்பு வந்தது.

பிறகு மருத்துவர் விளக்கினார். தினமும் மது இறங்கும் மூளை, அதன் மந்தத்தை ஈடுகட்ட எந்நேரமும் முடுக்கிவிட்டபடியே இயங்கப் பழகிவிடுகிறது. மதுவைத் திடீரென்று நிறுத்தினால் முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. நடுக்கமும் வியர்வையும் கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலேயே தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதற்கடுத்த இரண்டு நாட்களில் சிலருக்குக் காய்ச்சலும் பிதற்றலும் வரும், இல்லாத உருவங்கள் தெரியும். அதைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். எங்கள் பிள்ளையின் மன உறுதியைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு அவன் உயிரோடு விளையாடியிருக்கிறோம். தினமும் குடிப்பவரை, அதிலும் காலையில் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்பவரை, நீங்களாக ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள், மருத்துவமனையில் படுக்கைக்கு ஏற்பாடு செய்யுங்கள். நிறுத்துவது அதற்குப் பிறகுதான்.

அவசரப் பிரிவில் இரண்டாவது தவறு. எவ்வளவு குடிப்பான் என்று கேட்டார்கள். “எப்போதாவது, நண்பர்களோடு” என்றார் அம்மா. வெட்கம். அந்தப் பதிலை நம்பி, வலிப்புக்கு வேறு என்னென்ன காரணம் இருக்கும் என்று தேடியதிலேயே இரண்டு மணி நேரம் கரைந்தது. இரவுப் பணியிலிருந்த செவிலியர்தான் என்னைத் தனியே அழைத்து, “கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். குடிப்பானா என்று அவர் கேட்கவில்லை. நானும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு எல்லாம் மாறியது. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின், அதாவது வைட்டமின் பி1, ஊசி போட்டார்கள். நெடுநாள் குடித்தவர்களுக்கு அந்த வைட்டமின் குறைந்திருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படக் கூடுமாம். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயஸிபாம் மருந்து கொடுத்து, அளவை நாளுக்கு நாள் குறைத்தார்கள். அடுத்த ஆறு நாட்கள் சிக்கலின்றிப் போயின.

மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன குடிக்கிறார், ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை மாதமாக, கடைசியாக எப்போது, தூக்க மாத்திரை ஏதும் சேர்த்து எடுக்கிறாரா. வாயால் சொல்லக் கூசுவதைத் தாள் சொல்லிவிடும்.

மனநல மருத்துவர் வந்த அன்று எங்களை அறைக்கு வெளியே நிற்கச் சொன்னார். எனக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விகளைக் கேட்டிருக்கிறார். மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே கவலைப்பட வேண்டிய குடி, 20-ஐத் தொட்டால் மதுச்சார்பு, அதாவது மது இல்லாமல் இருக்க முடியாத நிலை, இருக்கிறதா என்று முழுமையாகப் பார்க்க வேண்டும். தம்பிக்கு 27. நாங்கள் உள்ளே இருந்திருந்தால் அவன் 10-ஐத் தாண்டியிருக்க மாட்டான். உங்களையும் வெளியே போகச் சொன்னால் தயங்காமல் போய்விடுங்கள்.

இனி அலுவலகக் கதை.

முதல் முறை போனபோது, மருத்துவமனை கொடுத்த முழு வெளியேற்றக் குறிப்பின் நகலை எழுத்தரிடம் நீட்டிவிட்டேன். என்னுடைய பெரிய தவறு இதுதான். அவர் முதல் பத்தியைப் படித்துவிட்டு, “இது விடுப்புக்கான தாள் இல்லை, ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போக வேண்டியது” என்று வேறொரு கோப்பில் செருகினார். வலிப்பு வந்து படுத்திருந்தவனின் மருத்துவக் குறிப்பு, விடுதிச் சுவர் ஏறிக் குதித்தவர்களின் கோப்புக்குள் போனது. அங்கேயே அழுதுவிட்டேன்.

இரண்டாம் முறை, சிகிச்சை நாட்களையும் தேவையான ஓய்வையும் மட்டும் குறிப்பிட்ட சான்றிதழோடு போனேன். நோயின் பெயர் இல்லாமல் செல்லாது என்றார். மூன்றாம் முறை கையெழுத்திட வேண்டியவர் வரவில்லை. அரை நாள் உட்கார்ந்திருந்த பிறகுதான் அதைச் சொன்னார்கள். அந்த அரை நாள் ஒரு வகையில் வீண்போகவில்லை. பக்கத்தில் காத்திருந்த ஒரு மாணவி தன்னுடைய கல்லூரி விதிமுறைக் கையேட்டைக் கொடுத்தாள். விடுப்புப் பகுதியைப் படித்தேன். பதிவுபெற்ற மருத்துவரின் சான்றிதழ் வேண்டும், தேதிகள் வேண்டும், பதிவு எண் வேண்டும். நோயின் பெயர் வேண்டும் என்று ஓர் இடத்திலும் இல்லை.

நான்காம் முறை அந்தப் பக்கத்தின் நகலோடு நேரே முதல்வரிடம் போனேன். அவர் இரண்டு நிமிடம் படித்தார், கையெழுத்திட்டார். அவ்வளவுதான். அந்தத் துணிச்சலில், முதலில் கொடுத்த வெளியேற்றக் குறிப்பைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினேன். மறுநாள் அது என் கைக்கு வந்தது. இத்தனை அலைச்சலில் எனக்கு நிறைவு தந்தது அந்த ஒரு தாள்தான். கேட்கப்படாத மருத்துவத் தகவலை எந்த அலுவலகத்திலும் கொடுக்காதீர்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஒப்புகை வாங்குங்கள்.

ஒழுங்கு நடவடிக்கை என்ற சொல்லின் மீது எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், தம்பியின் அறை நண்பன் மருத்துவமனைக்கு வந்தபோது ஒன்றைச் சொன்னான். நான்கு மாதங்களுக்கு முன் ஓர் இரவு தம்பி எழுப்ப முடியாதபடி கிடந்திருக்கிறான். ஆம்புலன்ஸை அழைத்தால் எல்லோருடைய பெயரும் விடுதிக் காப்பாளரிடம் போகும் என்று பயந்து, முகத்தில் குளிர்ந்த நீரைத் தெளித்து, வாயில் காப்பி ஊற்றப் பார்த்து, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டிருக்கிறார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை, பயந்த பிள்ளைகள். காப்பியும் குளிர்ந்த நீரும் இரத்தத்திலுள்ள மதுவைக் குறைக்காது. நினைவிழந்த பிறகும் வயிற்றில் மிச்சமிருக்கும் மது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். எழுப்பினாலும் எழாதவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகக் கூடாது. வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தனியே விடாதீர்கள், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைந்தாலோ, ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் பத்து விநாடி இடைவெளி விழுந்தாலோ, ஒரு கணமும் தாமதிக்க இடமில்லை. அன்று அவன் பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

இன்னொரு எச்சரிக்கை. குடியை விடுவதற்காகத் தரப்படும் டைசல்ஃபிராம் மாத்திரையை அவனுக்குத் தெரியாமல் உணவில் கலந்துவிடு என்று உறவினர் ஒருவர் அறிவுரை சொன்னார். மருத்துவரிடம் கேட்டேன், அவர் குரல் உயர்ந்தது. அந்த மாத்திரை உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை அந்த விளைவு வரக்கூடும். எடுத்துக்கொள்பவர் எல்லாம் அறிந்து சம்மதித்தால் மட்டுமே தரவேண்டிய மருந்து. தம்பிக்குக் கல்லீரல் பரிசோதனை செய்துவிட்டு, அவனோடு பேசி, நால்ட்ரெக்சோன் தொடங்கியிருக்கிறார்கள். குடிக்கும் வேட்கையைத் தணிக்கிற மருந்து அது. மாத்திரையை அவனே நினைவு வைத்துப் போட்டுக்கொள்கிறான். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு வாரம் இரண்டு நாள் போகிறான். தன் வயதில் அங்கே இன்னும் இருவர் இருக்கிறார்கள் என்று சொன்னபோது அவன் முகம் தெளிந்திருந்தது.

அடுத்த வாரம் வகுப்புக்குத் திரும்புகிறான். இனி பழைய அறை வேண்டாம் என்று அவனே கேட்டான். அறை மாற்றத்துக்கான மனுவில் காரணம் என்ற இடத்தில் ‘மருத்துவ ஆலோசனையின்படி’ என்று மட்டும் எழுதி, ஒப்புகை வாங்கி வந்திருக்கிறேன். இன்னும் கையெழுத்தாகவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன், கையேட்டின் நகலோடு.